அஞ்சு லட்சம் கார்டு கையில் இருக்கு, அப்புறம் ஏன் நகை அடகுக்குப் போகிறது?

2025-ல் வந்த இரண்டு செய்திகள் நிறைய பேரைக் குழப்பிவிட்டன. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18% ஜிஎஸ்டி எடுக்கப்பட்டது. அதற்கு முன் ஜூலையில், மருத்துவக் கடனைக் கடன் அறிக்கையில் காட்டவே கூடாது என்று அமெரிக்க அரசு அமைப்பு ஒன்று போட்ட விதியை டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. இதைப் படித்துவிட்டு, நம்ம ஊரிலும் ஆஸ்பத்திரிக் கடன் சிபிலில் (பேங்குகள் பார்க்கும் கடன் அறிக்கையில்) ஏறுமா, அரசு மருத்துவக் காப்பீட்டின் அஞ்சு லட்சம் கார்டு இருந்தால் கடனே வராதா, ஜிஎஸ்டி போனதும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம், ஆனால் ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இது எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

நம் ஊரில் இந்தக் கடனுக்குப் பெயரே கிடையாது

அமெரிக்காவில் முதலில் வைத்தியம், பிறகு வீட்டுக்கு பில். கட்டாவிட்டால் ஆஸ்பத்திரியே கடன்காரர் ஆகிறது, வசூல் ஏஜென்சி துரத்துகிறது, கடன் அறிக்கையில் "மருத்துவம்" என்ற பெயரிலேயே ஏறுகிறது.

இங்கே எந்தத் தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அனுப்பி வைப்பதில்லை. சேரும்போது அட்வான்ஸ், நடுவில் "ஒரு இருபதாயிரம் கட்டிடுங்க", டிஸ்சார்ஜ் அன்று பாக்கி முழுவதும். அதனால் நோயாளி வாசலைத் தாண்டும்போது ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு ரூபாய்கூட பாக்கி வைத்திருக்க மாட்டார். அந்தக் கடன் அதற்குள் வேறு இடங்களுக்கு நகர்ந்திருக்கும்: அடகுக் கடை, குழு லோன், தண்டல்காரர், அக்கா வீட்டுக்காரர், முந்திரித் தோப்பைப் போக்கியத்துக்கு எடுத்தவர். சிபிலில் ஏறினாலும் நகைக்கடன், தனிநபர் கடன் என்றுதான் ஏறும், ஆஞ்சியோ என்று ஏறாது.

இதில் இரண்டு விளைவுகள் இருக்கின்றன.

1. இந்தக் கடனை எண்ணவே முடிவதில்லை. 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆவது சுற்றில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு முக்கியமாகக் கடனை நம்பியதாகச் சொன்னவர்கள் கிராமத்தில் சுமார் 13%, நகரத்தில் சுமார் 9%. கிராமத்தில் ஏறக்குறைய 80% பேர் வருமானம், சேமிப்பிலிருந்து கொடுத்ததாகச் சொன்னார்கள். பொண்ணு கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாலும் அது "சேமிப்பு"தான். ஆறு மாதம் கழித்து கல்யாணத்துக்கு வாங்கும் கடன் கல்யாணக் கடனாகத்தான் எழுதப்படும், அது ஆஸ்பத்திரி போட்ட கடன் என்று எந்தப் படிவத்திலும் வராது.

2. பில்லைப் பற்றி அப்புறம் பேரம் பேச வழியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடன்பட்டிருந்தால் குறைக்கச் சொல்லலாம், தவணை கேட்கலாம். அடகுக் கடைக்காரரிடம் போய் "அந்த ஸ்கேனுக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லி என்ன பயன்? பேச வேண்டியதை எல்லாம் டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே பேசியாக வேண்டும். அந்த நேரத்தில் பேசுகிற நிலையில் யாரும் இருப்பதில்லை என்பதுதான் கொடுமை.

புரிந்துகொள்ள வேண்டிய மூன்று சொற்கள்

கைக்காசுச் செலவு: காப்பீடோ அரசோ தராமல் குடும்பம் நேராகக் கையிலிருந்து கொடுப்பது. இந்தியாவின் மொத்த சுகாதாரச் செலவில் இதன் பங்கு 2013-14-ல் 64.2% ஆக இருந்தது, 2021-22-ல் 39.4% ஆகக் குறைந்தது. நல்ல இறக்கம்தான். ஆனாலும் நூற்றில் கிட்டத்தட்ட நாற்பது ரூபாய் இன்னும் பையிலிருந்துதான் போகிறது.

பேரிடர்ச் செலவு: வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கையோ (கடுமையான அளவுகோலில் நான்கில் ஒரு பங்கையோ) மருத்துவம் தின்றுவிட்டால் அதை இப்படிச் சொல்கிறார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கில்லை. மாதம் பன்னிரண்டாயிரத்தில் ஓடும் வீட்டுக்கு மாதாமாதம் 1,500 ரூபாய் மாத்திரையும் பேரிடர்தான்.

பேக்கேஜ்: அரசுக் காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த மொத்தத் தொகை. அந்தத் தொகை ஆஸ்பத்திரிக்குப் போகும், அந்தச் சிகிச்சைக்காக நோயாளியிடம் மேற்கொண்டு காசு வாங்கக் கூடாது. "கார்டு போக மீதி நீங்க கட்டணும்" என்று யாராவது சொன்னால் அது எந்த விதி என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

கார்டு அறுவைசிகிச்சையைப் பார்க்கும், வீட்டைப் பார்க்காது

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் ஓடுகிறது, அதற்கு முன் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018 செப்டம்பரில் வந்தது, இரண்டும் தமிழ்நாட்டில் சேர்ந்தே நடக்கின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மாநிலத் திட்டத்துக்கு 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு பிறகு 1,20,000 ஆனது. (தினம் 800 ரூபாய் வாங்கும் பெயிண்டர் மாதம் இருபது நாள் வேலை செய்தாலே இதைத் தாண்டிவிடுவார். வருமானச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கும் என்பது வேறு கதை, அது எல்லோருக்கும் தெரிந்ததே.) 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் கார்டு உண்டு.

இவை நல்ல திட்டங்கள், சந்தேகமில்லை. பைபாஸ் என்றால் வீட்டை விற்க வேண்டும் என்றிருந்த காலம் போய்விட்டது. ஆனால் இவை அடிப்படையில் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானவை. புறநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் மாத்திரை, கூட இருப்பவரின் சாப்பாடு, பஸ், போன கூலி, இதெல்லாம் கார்டுக்கு வெளியே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நடந்த கதை அல்ல, தொகைகளும் நான் போட்டவை, ஆனால் இந்தப் பக்கம் யாருக்கும் அந்நியமாக இருக்காது. ரெட்டிச்சாவடிப் பக்கம் ஒரு கொத்தனார், 48 வயது, ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சு வலி. பக்கத்தில் திறந்திருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் "கார்டு இருக்கிறதே" என்று யாரோ சொல்ல, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றி, ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைக்கிறார்கள்.

- முதல் இரண்டு நாள் தனியார் ஆஸ்பத்திரி: 60,000
- வெளியே எடுத்த பரிசோதனைகள்: 8,000
- கூட இருந்தவர்களின் சாப்பாடு, போக்குவரத்து, அலைச்சல்: 12,000
- ஸ்டென்ட் வைத்த சிகிச்சை: கார்டில் போய்விட்டது, பூஜ்யம்
- மூன்று மாதம் போன கூலி (நாள் 900, மாதம் 22 நாள்): 59,400
- ஒரு வருட மாத்திரை, மாதம் 1,500 வீதம்: 18,000

மொத்தம் 1,57,400 ரூபாய். "பெரிய ஆபரேஷன்" என்று எல்லோரும் பயந்த அந்த ஒரு வரியில் செலவே இல்லை, பள்ளம் முழுவதும் அதைச் சுற்றி விழுந்தது. அதிலும் பெரிய இரண்டு தொகைகள் எவை என்று பாருங்கள்: எங்கே போவது என்று தெரியாமல் கழிந்த முதல் 48 மணி நேரம், வேலைக்குப் போகாத மூன்று மாதம்.

போன கூலியைப் பற்றி நம் பேச்சில் வருவதே இல்லை. இதைக் கொஞ்சமாவது ஈடுகட்டுவது ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, திட்டத்துக்குள் வரும் நிறுவனத் தொழிலாளிக்கு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70% கிடைக்கும், சில நீண்டகால நோய்களுக்கு இன்னும் அதிக நாள், 80% வரை. கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரிப் பேட்டைகளிலும் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்யும் பலர் சம்பளச் சீட்டில் இதற்காக 0.75% பிடித்திருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள். கொத்தனாருக்கும் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கும் படகில் போகிறவருக்கும் இந்த ஏற்பாடு கிடையாது. என்னைக் கேட்டால், மருத்துவக் காப்பீட்டை அஞ்சு லட்சத்திலிருந்து பத்து லட்சமாக்குவதைவிட, மூன்று மாதக் கூலியில் பாதியைக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் அதிக நகைகளைக் காப்பாற்றும்.

முள்ளோடை என்ற கோடு

கடலூர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பாண்டிதான், அது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம், கோரிமேட்டில் விடிகாலையில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வருவதுதான். தவிர கடலூர்ச் சாலையிலேயே கிருமாம்பாக்கம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள், உள்ளே கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இந்தப் பக்கம் மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையாவாக இருந்து அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியான ஆஸ்பத்திரி.

தமிழ்நாடு–புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறுகிறது, நோய் மாறுவதில்லை. ஆனால் கார்டின் கதை மாறலாம். ஆயுஷ்மான் பாரத் பயனாளிக்கு, நாட்டில் எந்த மாநிலத்திலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் கார்டு செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. மாநிலத் திட்டத்தில் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் குறிப்பிட்ட ஆஸ்பத்திரி தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கார்டும் வீட்டில் ஒன்று போலத்தான் தெரியும். எது எது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்திருப்பவர்கள் குறைவு.

சாலை விபத்திலும் இதே சிக்கல். தமிழ்நாட்டின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் (2021 டிசம்பரில் தொடங்கியது) விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது, அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், என்ன வருமானம் என்று பார்ப்பதில்லை, ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வருகிற இடத்தில் லாரி எந்தப் பக்கம் இடித்தது என்பதைப் பொறுத்து பில் மாறும் என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது: நாடு முழுவதும், ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை.

மூணு வட்டியும் மூணு வேளை மாத்திரையும்

நம் கொத்தனாருக்குத் திரும்புவோம். கூலி நின்றது போக, கைக்கு வேண்டியிருந்த பணம் கிட்டத்தட்ட ஒரு லட்சம். அதை எங்கே வாங்கினார் என்பதுதான் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கிறது.

1. பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன்: வட்டி வழக்கமாக நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் கீழே. ஒரு லட்சத்துக்கு மாதம் ஆயிரத்துக்குள்.

2. கைமாற்று, மூணு வட்டி: மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. மூன்று வருடம் வட்டி மட்டும் கட்டினால் 1,08,000 போயிருக்கும், அசல் ஒரு லட்சம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

3. தண்டல்: பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வசூல். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பிப்பதால், சராசரியாகக் கையில் இருந்தது அதில் பாதிதான். வருடக் கணக்குக்கு மாற்றினால் வட்டி 80%-க்குப் பக்கம் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குக் கொடுத்த ஆளின் மேல் யார் போய்ப் புகார் கொடுப்பார்கள்?

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் மாதம் இரண்டாயிரம் வித்தியாசம். அவருடைய மாத்திரைச் செலவோ மாதம் 1,500. தப்பான இடத்தில் கடன் வாங்கினால் வட்டிக்காரர் கையில் போவது மாத்திரைக் காசுதான்.

இது சும்மா சொல்வதில்லை. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் வழக்கமாக ஒரு வருடம் சேர்த்துக் கொடுப்பார்கள். டாக்டர் சொல்லாமல் நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி அடைக்கும் ஆபத்து உண்டு. வட்டி கட்டாவிட்டால் ஆள் வாசலுக்கு வந்து சத்தம் போடுவார், தெருவே பார்க்கும். மாத்திரை போடாவிட்டால் யாரும் வந்து சத்தம் போடப் போவதில்லை, அதனால் முதலில் நிற்பது மாத்திரை. முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் "இப்ப நல்லாத்தான் இருக்கேன்". சர்க்கரைக்காரர் இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்வதும், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் இரண்டு முறை போவதும், மார்பில் கட்டி தெரிந்தும் பையன் காலேஜ் ஃபீஸ் கட்டட்டும் என்று ஒரு அம்மா தள்ளிப் போடுவதும் இதே கணக்கில்தான். கடைசியில் அடுத்த அட்மிஷன் இன்னும் பெரிதாக வருகிறது, இந்த முறை அடகு வைக்க நகை இருக்காது, போன தடவை வைத்தது வட்டி கட்டித் திருப்பி வைத்து, திருப்பி வைத்து, மூழ்கியிருக்கும்.

இந்த இடத்தில் அரசு செய்த உருப்படியான வேலை பெரிய ஆபரேஷன் திட்டங்கள் மட்டும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பி.பி., சர்க்கரை மாத்திரையும், 2021 ஆகஸ்டில் தொடங்கி அவற்றை வீட்டுக்கே கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவ"மும், குறைந்த விலையில் விற்கும் மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் கூட அதே அளவு முக்கியம். இவை யாரையும் மேசையில் படுக்க வைத்துக் காப்பாற்றுவதில்லை. கடன் மறுபடி உடம்புக்குள் வருவதைத் தடுக்கின்றன.

காசு கட்டி எடுத்த பாலிசி இருந்தால்?

ஜிஎஸ்டி போனதால் பிரீமியச் சுமை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான், பாலிசியின் ஓட்டைகள் அடைபடவில்லை. முக்கியமான ஓட்டை ரூம் வாடகை வரம்பு. நாளுக்கு 5,000 வரம்புள்ள பாலிசியில் 10,000 ரூபாய் ரூம் எடுத்தால், வாடகையில் மட்டும் வெட்டுவார்கள் என்று நினைக்கிறோம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவற்றிலும் அதே விகிதத்தில், அதாவது பாதியை, வெட்ட முடியும். மருந்து, உடலில் பொருத்தும் சாதனம், பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது. ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருடம், அதற்கு முன் நான்கு. பணமில்லாச் சிகிச்சைக்கான அனுமதிக் கோரிக்கையை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்திலும் முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே வருடம் விதி வந்தது. சாயங்காலம் வரை பில்லிங் கவுண்டர் முன் காத்திருப்பவர்கள் இந்த மூன்று மணி நேரத்தை ஞாபகப்படுத்தலாம்.

எந்த வரிசையில் கேட்பது

அவசரத்தில் எல்லாம் ஒன்றாக வரும், அதனால் வரிசை முக்கியம்.

1. உயிர் முதலில். அவசர நிலையில் வந்தவருக்கு முதலுதவி செய்து நிலைப்படுத்துவது எந்த மருத்துவமனைக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. "முதலில் பணம்" என்பது அதற்குப் பிறகுதான் வர முடியும். 108-க்குக் காசு கிடையாது.

2. நிலைப்பட்டதும், மூன்றாம் நாள் அல்ல, அன்றே: இந்த ஆஸ்பத்திரி, இந்தச் சிகிச்சைக்கு, இந்தக் கார்டுக்கு உண்டா? காப்பீட்டு மேசையில் கேட்கலாம், அங்கே சரியாகச் சொல்லாவிட்டால் மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993, ஆயுஷ்மானுக்கு 14555. இல்லை என்றால் எங்கே உண்டு என்று கேட்டு, மாற்றலாமா என்று டாக்டரிடம் பேசுவது. நம் கணக்கில் அறுபதாயிரம் போனது இந்த ஒரு கேள்வி தாமதமானதால்.

3. கார்டு இல்லாத சிகிச்சை என்றால் செலவு மதிப்பீட்டை எழுத்தில், பில்லை வரிவரியாக. மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலில் மருந்து வாங்கும் இடத்தைத் தேர்வு செய்வதும் இருக்கிறது. பணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே பட்டியலில் உண்டு.

4. கடன்தான் வழி என்றால் முதலில் பேங்க், கூட்டுறவுச் சங்கம். ராத்திரியில் அவை திறந்திருக்காது, உண்மைதான். அதனால்தான் தண்டல் ஜெயிக்கிறது. ராத்திரிக்கு மட்டும் தெரிந்தவரிடம் சின்னத் தொகை கைமாற்று, காலையில் நகையோடு பேங்க்.

5. டிஸ்சார்ஜ் அன்று, மாத்திரைச் சீட்டில் உள்ளவற்றில் எது அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும், எது மக்கள் மருந்தகத்தில் கிடைக்கும் என்று அங்கேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது.

கார்டே இல்லாத வீடுகள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வி.ஏ.ஓ.விடமிருந்து தொடங்கி வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், இவற்றை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போவது. எல்லாம் சரியாக இருந்தால் அலைச்சல் ஒரு நாளோ இரண்டு நாளோதான். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஒரு வாரத்தில் போக வேண்டும்.